ஜெர்மானியரின் "இங்வர்" நம் இஞ்சிவேரா? ஒரு சொல்லின் வழித்தடம்

ஸ்டுட்கார்ட்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மன் மொழியில் இஞ்சிக்கு "இங்வர்" என்று பெயர். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் இந்தச் சொல் எப்படியும் பேச்சில் வந்துவிடும். "இஞ்சிவேர் என்பதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்வார். வாட்ஸ்அப்பிலும் இதே செய்தி படத்தோடு சுற்றுகிறது.

சுவீடிஷில் "இங்கெஃபேரா". ஃபின்னிஷில் "இன்கிவேரி", அதைக் கேட்டால் நம்மூர் ஆள் ஒருவர் சொன்னது போலவே இருக்கிறது. ஆங்கிலத்தின் "ஜிஞ்சர்" கூட இவ்வளவு நெருக்கமாக இல்லை. அப்படியானால் ஜெர்மானியர்கள் ஆங்கிலேயரை விட நேரடியாகத் தமிழிலிருந்து வாங்கினார்களா? வழி என்ன? பிள்ளைகள் கேட்கிறார்கள், சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்று ஆசை. காரணத்தோடு சொல்பவர்கள் சொல்லுங்கள்.


குடந்தைத்தென்றல் எழுதியது:

அண்ணா, அருமையான கேள்வி. இஞ்சி அளவுக்கு ஊர் சுற்றிய தமிழ்ச் சொல் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். எனக்குத் தெரிந்தவற்றை வரிசையாகப் போடுகிறேன்.

அரபியில் ஸன்ஜபீல். திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில், சொர்க்கத்தில் இருப்பவர்களுக்கு இஞ்சி கலந்த பானம் கொடுக்கப்படும் என்று வரும் இடத்தில் இதே சொல்தான் இருக்கிறது. துருக்கியில் ஸென்ஜெஃபில், எபிரேயத்தில் ஸங்வில், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கில் ஸின்ஜிபில். லத்தீனில் ஸிங்கிபெர். பிரெஞ்சில் ஜான்ஜாம்ப்ர், போர்த்துகீசில் ஜென்ஜிப்ரே. ரஷ்யனிலும் போலிஷிலும் இம்பிர்.

அறிவியல் பெயரிலும் அது இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இஞ்சிக்கு அமோமம் ஸிஞ்சிபெர் என்று பெயர் வைத்தார். 1807இல் வில்லியம் ராஸ்கோ அதை ஸிஞ்சிபெர் அஃபிசினாலே என்று மாற்றினார். மஞ்சளும் ஏலக்காயும் சேர்ந்த மொத்தக் குடும்பத்துக்கே "ஸிஞ்சிபெரேசியே" என்றுதான் பெயர். தாவரவியல் படிக்கும் எந்த நாட்டுப் பிள்ளையும் "வேர்" என்ற நம் சொல்லை உச்சரிக்காமல் தேர்வெழுத முடியாது! அரிசி ரைஸ் ஆனது போல இதுவும் நம்முடைய கொடைதான் என்பது என் கருத்து.


பழையஏடு எழுதியது:

இரண்டு கேள்விகள் கலந்து வருகின்றன, முதலில் அவற்றைப் பிரிப்போம். இந்தச் சொல்லின் ஊற்று தென்னிந்தியாவா என்பது ஒன்று. ஜெர்மன் அதை நேராகத் தமிழிலிருந்து வாங்கியதா என்பது வேறொன்று. முதலாவதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இரண்டாவதற்கு இல்லை. இல்லை என்பதற்கே ஆதாரம் இருக்கிறது.

ஜெர்மனிலிருந்தே தொடங்குகிறேன். இன்று இங்வர் என்கிறார்கள் அல்லவா, அதன் பழைய வடிவம் "கிங்கிபெரோ". முன்னால் ஒரு ககர ஒலி இருந்தது. அடுத்து வந்த இடைக்கால ஜெர்மனில் அந்த எழுத்து உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. பிறகு இல்லாத வடிவம் நிலைத்துவிட்டது. இஞ்சிவேரிலிருந்து நேராகப் போயிருந்தால் பழைய வடிவம்தான் நம் சொல்லுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், காலம் போகப் போக விலக வேண்டும். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. பழைய வடிவம் லத்தீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, புதியது தற்செயலாக நம் பக்கம் வந்து நிற்கிறது.

சுவீடிஷின் இங்கெஃபேரா வட ஜெர்மானிய வணிகர்கள் வழியாகப் போனது. ஃபின்னிஷ் அதைச் சுவீடிஷிலிருந்து வாங்கியது. போலிஷின் இம்பிரும் ரஷ்யனின் இம்பிரும் ஜெர்மன் பக்கமிருந்து கிழக்கே போனவை. ஆக, முதலெழுத்து இல்லாத ஐரோப்பிய வடிவங்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜெர்மனில் ஒருமுறை விழுந்த எழுத்து அத்தனை பேரிடமும் விழுந்தது.

லத்தீனுக்கு முந்தைய படி கிரேக்கம். முதல் நூற்றாண்டு மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் "ஸிங்கிபெரிஸ்" என்று எழுதினார். அதே நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, ஒரு ராத்தல் இஞ்சி ஆறு தினாரியஸ் என்று விலை சொல்கிறார், கருமிளகு நான்கு. மிளகுக் கொடியின் வேர்தான் இஞ்சி என்று அக்காலத்தில் சிலர் நம்பியிருக்கிறார்கள். அது தவறு என்கிறார் பிளினி. ஆனால் அவரே இஞ்சி விளைவது அரேபியாவிலும் செங்கடலின் மேற்குக் கரையிலும் என்று எழுதிவிட்டார். சரக்கு எங்கிருந்து வந்து இறங்கியதோ அதையே விளைநிலம் என்று நினைத்துவிட்டார்கள். நடுவில் எத்தனை கை மாறியது என்பதற்கு இந்த ஒரு குறிப்பு போதும்.

கிரேக்கத்துக்கும் முந்தைய படி பாலி, பிராகிருத மொழிகள். பாலியில் "சிங்கிவேர". பௌத்தத் துறவிகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று விநய நூல் அனுமதிக்கும் வேர்களில் மஞ்சளுக்கு அடுத்தபடியாக இந்தப் பெயர் வருகிறது. கிரேக்கரின் ஸிங்கிபெரிஸ் இந்த வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. சிங்கிவேரவின் வாலில் இருக்கும் "வேர" நம்முடைய வேர்தான் என்பது திராவிட மொழியியலாளர்கள் பலர் ஏற்ற முடிவு.

வழி இதுதான்: தென்னிந்தியா, பாலி/பிராகிருதம், கிரேக்கம், லத்தீன், பழைய பிரெஞ்சு, பிறகு ஒரு கிளை ஆங்கிலத்துக்கு, ஒரு கிளை ஜெர்மனுக்கு. அரபிக் கிளை மேற்காசியாவில் தனியாகப் பிரிந்தது.

குடந்தைத்தென்றல், அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. ரைஸ் என்பது கிரேக்கத்தின் ஒரிஸாவிலிருந்து வந்தது. அந்த ஒரிஸா பழைய ஈரானிய மொழி ஒன்றின் வழியாக வந்தது என்றே இன்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பஷ்தோவில் இன்றும் அரிசிக்கு "வ்ரிஜே" போன்ற சொல் இருக்கிறது, சமஸ்கிருதத்தில் "வ்ரீஹி". இஞ்சிக்கு உள்ள பலம் அரிசிக்கு இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் உண்மையான வழக்கும் பலவீனமாகிவிடும்.


கொட்டாஞ்சேனை எழுதியது:

நல்ல இழை. நான் கொழும்பு. எங்கட பக்கத்துச் சங்கதி ஒன்றைச் சேர்க்கிறேன்.

சிங்களத்தில் இஞ்சிக்கு "இங்குரு". கொழும்பில் "இங்குருக்கடைச் சந்தி" என்று ஒரு சந்தி இருக்கிறது, பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் கடை என்பதும் நாங்கள் சொல்கிற கடைதான். இஞ்சிக்கடைச் சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இங்குருவைக் கேட்டு, தமிழிலிருந்து சிங்களம் எடுத்தது என்று எங்கட ஆட்கள் சொல்வார்கள். அப்படி இல்லை, அது பாலியின் சிங்கிவேரவிலிருந்து சிங்களத்துக்கே உரிய ஒலி விதிப்படி வந்தது. பழைய சகரம் சிங்களத்தில் ஹகரமாகும். ஏழு என்பது பாலியில் "சத்த", சிங்களத்தில் "ஹத்த". சந்திரனுக்குச் "சந்த" என்றும் சொல்வார்கள், "ஹந்த" என்றும் சொல்வார்கள், இரண்டும் இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்த வழியில் சிங்கிவேர ஹிங்குருவாகி, ஹகரமும் தேய்ந்து இங்குரு ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜெர்மனின் இங்வரையும் சிங்களத்தின் இங்குருவையும் பக்கத்தில் வையுங்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஜெர்மானியர் கொழும்புக்கு வந்து வாங்கினார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மொழியும் தனித்தனியாக முதலெழுத்தை இழந்து ஒரே மாதிரி வந்து நிற்கின்றன. பழையஏடு அண்ணை சொன்ன "தற்செயல்" என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இருக்காது என்று நினைக்கிறேன்.


வயல்வரப்பு எழுதியது:

பழையஏடு ஐயா, ஊற்று தென்னிந்தியா என்று சற்று வேகமாகவே முடித்துவிட்டீர்கள். எனக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது.

இஞ்சி என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும்தான் இருக்கிறது. தெலுங்கில் அல்லம். கன்னடத்தில் சுண்டி, பச்சை இஞ்சியாக இருந்தால் ஹசி சுண்டி. வட கர்நாடகத்தில் அல்லா என்பார்கள். குடும்பம் முழுக்க இல்லாத சொல்லைத் திராவிடச் சொல் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

அடுத்து, பாலியில் சகரத்தோடு சிங்கிவேர என்று இருக்கிறது. தமிழ் இஞ்சியின் தொடக்கத்தில் சகரமே இல்லை. இஞ்சியிலிருந்து போயிருந்தால் அந்தச் சகரம் எங்கிருந்து முளைத்தது?

கடைசியாக, பழந்தமிழில் "இஞ்சிவேர்" என்று எங்கே இருக்கிறது? பட்டினப்பாலையில் "முளை இஞ்சி" உண்டு. மதுரைக்காஞ்சியில் "இஞ்சி மஞ்சள் பைங்கறி பிறவும்" உண்டு. இரண்டிலும் வெறும் இஞ்சி. இன்றைக்கும் சந்தையில் யாரும் இஞ்சிவேர் என்று கேட்டு வாங்குவதில்லை. அதை நாம் கிழங்கு என்போமே தவிர வேர் என்று சொல்வது அபூர்வம்.

தமிழுக்குப் பெருமை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் வெளியே தைரியமாகப் பேச முடியும்.


பழையஏடு எழுதியது:

மூன்றும் நியாயமான கேள்விகள் ஐயா. சகரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

தமிழ், மலையாளம், கன்னடம் உள்ளிட்ட தென்திராவிட மொழிகளில் சொல் முதலில் இருந்த பழைய சகரம் பல சொற்களில் விழுந்துவிட்டது. நடு இந்தியாவின் கோண்டி மொழி அதைக் காத்து வைத்திருக்கிறது. எண்களில் நாம் ஆறு என்கிறோம், கோண்டியில் "சாரூங்". நமக்கு உப்பு, அவர்களுக்குச் "சொவர்". நாம் இல்லை என்கிறோம், அவர்கள் "சில்லே" என்கிறார்கள். கொடுப்பதற்கு நம்மிடம் "ஈ" என்று ஒரு வினை இருக்கிறதே, ஈதல், ஈகை எல்லாம் பிறந்த வேர், அது கோண்டியில் "சீ". இவ்வளவு அடிப்படையான சொற்களில் ஒரே மாதிரி நடந்திருப்பதால், இது விதி என்று சொல்ல முடிகிறது.

அந்த விதியை இஞ்சிக்குப் பொருத்திப் பாருங்கள். சகரம் விழுவதற்கு முன்னால் சொல் "சிங்கி" அல்லது "சிஞ்சி" என்று இருந்திருக்கும். பின்னால் வரும் இகரத்தின் சேர்க்கையால் ங்க் என்பது ஞ்ச் ஆவது எதிர்பார்க்கக்கூடிய மாற்றமே. சிங்கியோடு வேர் சேர்ந்தால் சிங்கிவேர். பாலி வைத்திருப்பது அதைத்தான். நம் சொல்லில் சகரம் விழுவதற்கு முந்தைய நிலையை வடக்கே போன சொல் பத்திரமாக வைத்திருக்கிறது என்றுதான் மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பழைய வடிவம் நம் நூல்களில் கிடைக்காது, சங்கப் பாடல்களின் காலத்துக்குள் சகரம் போய்விட்டது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. வாட்ஸ்அப் படம் சொல்வது போல "இஞ்சிவேர் இங்வர் ஆனது" என்பது காலக்கணக்கிலும் நிற்காது. மேற்கே கிளம்பிய சொல் சகரத்தோடு கிளம்பிய சொல். அது இங்வர் ஆனபோது இழந்தது தன் சொந்த முதலெழுத்தை. தமிழ் ஒருமுறை, சிங்களம் ஒருமுறை, ஜெர்மன் ஒருமுறை என்று மூன்று மொழிகள் மூன்று வெவ்வேறு காலத்தில் ஒரே சொல்லின் தலையைக் கழித்திருக்கின்றன. கொட்டாஞ்சேனை தம்பி சொன்ன இரட்டைப் பிள்ளைகளோடு மூன்றாவதாகத் தமிழையும் நிறுத்துங்கள்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் இல்லாததைப் பற்றி: எல்லாத் திராவிட மொழிகளுக்கும் முன்னோடியான மூலத் திராவிடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டிய தேவை எனக்கு இல்லை. தெற்கே ஒரு பகுதியில் மட்டும் வழங்கிய சொல்லாக இருந்தாலே இந்த வரலாற்றுக்குப் போதும். இஞ்சி நன்றாக விளைவது மேற்கு மலைத்தொடரின் மழைப்பக்கத்தில். அங்கே பேசியவர்களிடம் சொல் இருந்தது என்பதில் ஆச்சரியம் இல்லை.

வேரைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லாததால் மற்றவர்களுக்கு விடுகிறேன்.


நூலகத்தூசி எழுதியது:

சமஸ்கிருதப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. அங்கே "சிருங்கவேர". சிருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடம்பு, கொம்பு போன்ற உடம்புள்ளது என்று விளக்கம் சொல்வார்கள். ஆங்கில அகராதிகள் பலவற்றில் நெடுங்காலம் இந்த விளக்கம்தான் ஓடியது. இஞ்சிக் கிழங்கின் கிளைகளைப் பார்த்தால் மான்கொம்பு நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இது வந்த சொல்லுக்குப் பின்னால் சூட்டிய பொருள். புரியாத அயற்சொல்லைத் தெரிந்த சொற்களாக உடைத்துப் பொருள் காண்பது எல்லா மொழியிலும் நடக்கும்.

ஆங்கிலத்தில் இதே இஞ்சிக்கே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஜிஞ்சர்பிரெட் என்ற தின்பண்டத்தில் பிரெட் ஆதியில் கிடையாது. பதப்படுத்திய இஞ்சிக்குப் பழைய பிரெஞ்சில் "ஜிஞ்சிம்ப்ராஸ்" போன்ற ஒரு சொல். அதன் வால் ஆங்கிலேயர் காதில் பிரெட் என்று விழுந்தது. பெயர் மாறிய பிறகு பண்டமும் பெயருக்கு ஏற்ப மாவுப் பண்டமாக மாறிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறுகளில் இது ஒன்று.

சிருங்கவேர என்றதும் கம்பனைப் படித்தவர்களுக்குக் குகன் நினைவுக்கு வர வேண்டும். கங்கைக் கரையில் குகன் வாழ்ந்த நகர் வால்மீகியில் சிருங்கவேரபுரம், கம்பனில் சிருங்கிபேரம். இன்று பிரயாக்ராஜுக்கு அருகே சிங்ரௌர் என்று வழங்கும் ஊர் அதுதான், தொல்லியல் துறை அகழ்ந்து பெரிய செங்கல் குளம் ஒன்றை வெளிக்கொண்டு வந்தது. ரிஷ்யசிருங்க முனிவரால் வந்த பெயர் என்பது ஊர்க்கதை. ஒலியில் அது இஞ்சிப்பட்டணம் என்றே நிற்கிறது. இதை வைத்து நான் எந்த முடிவும் கட்டவில்லை, ஆனாலும் படகோட்டியின் ஊர்ப்பெயரில் ஒரு கடல்கடந்த சொல்லின் சாயல் இருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.


கிள்ளான்_ஆற்றங்கரை எழுதியது:

மலேசியாவிலிருந்து வணக்கம். இங்கே கடையில் நாங்கள் "தே ஹாலியா" என்றுதான் இஞ்சித் தேநீர் கேட்போம். ஹாலியா மலாய்ச் சொல். பிலிப்பீன்ஸில் "லூயா". இரண்டும் ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து வந்தவை. ஜாவாவில் மட்டும் "ஜாஹே". இவற்றுக்கும் இஞ்சிக்கும் தொடர்பே கிடையாது.

இது முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் செடியின் பிறப்பிடம் தென்கிழக்காசியத் தீவுப் பக்கம் என்பதே பலர் ஏற்கும் கருத்து. இஞ்சி எங்குமே காட்டுச் செடியாகக் கிடைப்பதில்லை. மனிதன் நட்டால்தான் உண்டு. கப்பலில் கிழங்கைக் கொண்டுபோன தீவு மக்கள் பல கடல்களுக்கு அதைப் பரப்பினார்கள்.

சீனத்தில் "ஜியாங்", காண்டனீஸில் "கியோங்". கன்பூசியஸ் சாப்பிடும்போது இஞ்சியை விலக்க மாட்டார், அளவாகவே உண்பார் என்று அவர் சொற்களைத் தொகுத்த நூலில் குறிப்பு இருக்கிறது. கொரிய மொழி சீனத்திலிருந்து வாங்கி "செங்காங்" என்கிறது. தாய் மொழியில் "கிங்". பர்மியத்தில் "ஜின்", பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களைக் கேளுங்கள், "ஜின் தோ" என்ற இஞ்சிக் கலவையை மறந்திருக்க மாட்டார்கள்.

கிங், கியோங், ஜின், சிங்கி. எல்லாவற்றிலும் மூக்கொலியோடு ஒரு சின்ன அசை. இதனால்தான் இஞ்சி என்ற பகுதி கிழக்கிலிருந்து செடியோடு வந்திருக்கலாம், வேர் என்ற பகுதியை மட்டும் நாம் ஒட்டினோம் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. பழையஏடு ஐயா என்ன சொல்கிறீர்கள்?


பழையஏடு எழுதியது:

அந்தக் கருத்தை நான் தள்ள மாட்டேன். ஆனால் ஓரசைச் சொற்களில் ஒற்றுமை கண்டுபிடிப்பது சுலபம். ஜெர்மன் இங்வரையும் நம் இஞ்சிவேரையும் ஒலியை மட்டும் வைத்துச் சேர்க்கக்கூடாது என்று இவ்வளவு நேரம் பேசினோம். அதே அளவுகோலைக் கிங்குக்கும் சிங்கிக்கும் வைக்க வேண்டும். கோண்டியில் உப்பும் ஆறும் காட்டியது போல வரிசையான ஒலி ஒப்புமை கிழக்குப் பக்கம் கிடைத்தால் நான் முதல் ஆளாக ஏற்பேன். வேர் என்ற பகுதி திராவிடம் என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை.


மலைச்சரிவு எழுதியது:

நான் வயநாட்டுப் பக்கம் இஞ்சி போடுகிற குடும்பம். மொழியியல் தெரியாது, வயல்வரப்பு ஐயா கேட்ட வேர் பற்றிய கேள்விக்குப் பயிரின் பக்கத்திலிருந்து ஒரு பதில் தோன்றுகிறது.

இஞ்சிக்கு விதை கிடையாது. போன அறுவடையில் நல்ல கிழங்கை எடுத்து வைத்து, கோடை மழை விழுந்ததும் முளையோடு துண்டாக்கி நடுவோம். எட்டு மாதத்தில் தோண்டலாம். பட்டினப்பாலையில் "முளை இஞ்சி" என்று வருகிறதே, நடுகிறவன் கண்ணுக்கு இஞ்சியில் முதலில் தெரிவது அந்த முளைதான். எங்களுக்கு அது செடி, முளை, கிழங்கு எல்லாம் சேர்ந்த ஒரு உயிர். அதை வேர் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் வயலில் வருவதில்லை.

வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. காய்ந்த துண்டு மூட்டையில் வருகிறது. இலை எப்படி, பூ எப்படி என்று பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அது வேர்ச் சரக்கு. விலை பேசும் இடத்தில் "இது என்ன, பட்டையா, காயா, வேரா" என்ற கேள்வி வரும். அங்கே வேர் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீங்கள் எல்லோரும் போட்ட பட்டியலைப் பாருங்கள். விளைவிக்கிறவர்கள் வாயில் சொல் குட்டையாக இருக்கிறது: இஞ்சி, அல்லம், கிங், ஜியாங், ஜின், ஹாலியா, வங்காளத்தில் ஆதா, மராத்தியில் ஆலே. மூட்டையில் வாங்கியவர்கள் வாயில் நீளமாக, வேரோடு இருக்கிறது: ஸிங்கிபெரிஸ், ஸன்ஜபீல், ஜென்ஜிப்ரே, இன்கிவேரி. பாலியில் கூட அது துறவிகளின் மருந்துப் பட்டியலில் வருகிறது என்றுதானே பழையஏடு ஐயா சொன்னார். மருந்துக்கடைச் சொல்லாகவே அது வடக்கே போயிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.


வயல்வரப்பு எழுதியது:

இது நான் எதிர்பார்க்காத கோணம் நண்பரே, எனக்கு ஒத்துப்போகிறது. விளைநிலத்தில் ஒரு சொல், வணிகத்தில் ஒரு சொல் என்பது நம்மிடமே இருக்கிறது. பச்சையாக இருந்தால் இஞ்சி, காய்ந்தால் சுக்கு. இந்தியில் பச்சை "அத்ரக்", காய்ந்தது "சோண்ட்". அத்ரக் என்பது ஈரம் என்ற பொருளுள்ள ஆர்த்ர என்ற வடசொல்லின் வழி வந்தது. வங்காளத்தின் ஆதாவும் அங்கிருந்துதான். ஈரமானதற்கு ஒரு பெயர், உலர்ந்ததற்கு ஒரு பெயர் என்று இங்கே பிரித்து வைத்திருக்கிறோம். ஐரோப்பாவுக்குப் போனது பெரும்பாலும் உலர்ந்த சரக்கு, ஆனால் பெயர் சுக்கிலிருந்து போகவில்லை. அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்.

14ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் வணிகர் பெகலோட்டி எழுதிய கையேட்டில் இஞ்சி மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று "கொலம்பினோ", அதாவது கொல்லத்து இஞ்சி. இன்னொன்று "மிக்கினோ", மெக்கா வழி வந்தது. விளைந்த ஊரும் கைமாறிய ஊரும் ஒரே பட்டியலில் வகைப் பெயராக நிற்கின்றன. பிளினி குழம்பிய இடம் தெளிய ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.


குடந்தைத்தென்றல் எழுதியது:

நிறையக் கற்றுக்கொண்டேன். பழமொழிப் பக்கம் கொஞ்சம் போகலாமா? நாம் "இஞ்சி தின்ற குரங்கு" என்று முகம் சுளிப்பவரைச் சொல்கிறோம். இந்தியில் "குரங்குக்கு என்ன தெரியும் இஞ்சியின் ருசி" என்று ஒரு பழமொழி. இரண்டிலும் குரங்கும் இஞ்சியும் உண்டு. ஆனால் தமிழில் குரங்கின் முகத்தைப் பார்க்கிறார்கள், இந்தியில் அதன் ரசனையைப் பார்க்கிறார்கள். சொல் வேறாக இருந்தும் காட்சி மட்டும் ஒன்றாக இருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். ஆங்கிலத்தில் மெதுவாக, பக்குவமாக ஒன்றைக் கையாள்வதற்கு "ஜிஞ்சர்லி" என்கிறார்களே, அதுவும் நம் இஞ்சிதானா?


நூலகத்தூசி எழுதியது:

இல்லையம்மா. அது மென்மை, நயம் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. எழுத்து மட்டும் இஞ்சியோடு ஒன்றிவிட்டது.

நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. பழந்தமிழில் இஞ்சி என்றால் கோட்டை மதில் என்றும் பொருள். கம்பனில் கும்பகருணன் போர்க்களத்தில் வீடணனிடம் பேசும் பகுதியைப் புரட்டினால் "செம்பிட்டுச் செய்த இஞ்சி" என்று இலங்கையின் மதில் வரும். அதைப் படித்துவிட்டு இலங்கையில் இஞ்சித் தோட்டம் இருந்தது என்று ஒருவர் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். சமையல் இஞ்சியும் மதில் இஞ்சியும் வெவ்வேறு சொற்கள்.


ஸ்டுட்கார்ட்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதத்தில் எழுதிப் பார்க்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். "இங்வரில் கடைசியில் வரும் 'வர்' நம் வேர்தான். ஆனால் அது தெற்கிலிருந்து பாலி, கிரேக்கம், லத்தீன் என்று பல வீடுகளில் தங்கி வந்திருக்கிறது. முன்பகுதி இஞ்சி மாதிரி ஒலிப்பது ஜெர்மனில் ஒரு எழுத்து விழுந்ததால்."

இப்படிச் சொல்லலாம்தானே? நேராகத் தமிழிலிருந்தே ஐரோப்பாவுக்குப் போன வேர் ஒன்றாவது இருக்கிறதா என்று மூத்தவள் கட்டாயம் கேட்பாள், அதற்கும் பதில் தயாராக வேண்டும்.


பழையஏடு எழுதியது:

சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், அப்படியே சொல்லுங்கள்.

மூத்த மகளுக்கான பதில் வெட்டிவேர். வாசனைத் திரவியப் புட்டிகளில் "வெட்டிவேர்" என்றே ஐரோப்பிய எழுத்தில் இருக்கும், உங்கள் ஊர்க் கடையிலும் கிடைக்கும். தமிழிலிருந்து பிரெஞ்சு, அங்கிருந்து ஆங்கிலம், ஜெர்மன். கிரேக்கம், லத்தீன் எதுவும் நடுவில் இல்லை, தலையும் வாலும் குறையவில்லை. சிங்கிவேர வரும் அதே பௌத்த மருந்துப் பட்டியலில் இந்த வேரும் இருக்கிறது, ஆனால் அங்கே அதன் பெயர் "உசீர". அந்தப் பெயர் மேற்கே நிலைக்கவில்லை.